செய்மதி இணையமும் வன்னியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் தொடங்கியது. அதற்குப் பிறகு முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஊர்களில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றாலும் சனசமூக நிலையம் என்றாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவுகள் "நாங்கள் காசு தருகிறோம், ஒன்று பூட்டுங்கோ" என்று சொல்கிறார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பியும் ரவரும் எட்டாத இடத்துக்குச் செய்மதி இணையம் கட்டாயம் வேண்டும். எட்டக்கூடிய இடத்துக்கு அது வேண்டாம்.

செய்மதி இணையம் எப்படி வேலை செய்கிறது?

வீட்டுக் கூரையில் அல்லது ஒரு தூணில் தட்டையான ஒரு அன்ரெனா இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் உள்ளே ரூட்டருக்கு வரும். அதற்குப் பிறகு வழக்கமான வைபைதான்.

வித்தியாசம் மேலே இருக்கிறது. பழைய செய்மதி இணையம் பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகளை நம்பியது. நாங்கள் அனுப்புவது அதன் வழியாகப் போய்ப் பதில் திரும்பி வர அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். வீடியோவில் கதைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்க் செய்மதிகள் பெரும்பாலும் 550 கிலோமீற்றர் அளவிலும் அதற்குக் கீழும் சுற்றுகின்றன. தாமதம் மிகக் குறைவு, கதைப்பதற்கு ஃபைபர் மாதிரியே இருக்கும்.

ஆனால் தாழ்வாகச் சுற்றும் செய்மதிக்கு நிலத்தின் சிறு பகுதிதான் தெரியும். எங்கள் தலைக்கு மேல் சில நிமிடங்கள் நின்றுவிட்டுப் போய்விடும், உடனே அடுத்தது வர வேண்டும். எங்கள் கடற்றொழிலாளர்கள் பாவிக்கும் ஜிபிஎஸ், 20,000 கிலோமீற்றர் உயரத்தில் முப்பது சொச்சம் செய்மதிகளோடு உலகம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறது. ஸ்டார்லிங்கிடம் 2025 இறுதியில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் இருந்தன. நன்மை, செலவு இரண்டும் இந்த எண்ணிக்கையில் இருந்துதான் வருகின்றன.

எங்கள் பக்கம் போனில் ஒரு கோடுதான் காட்டும். இது உண்மையில் உதவுமா?

உதவும். யாரும் இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம் முல்லைத்தீவு. ஒரு சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லை. ரவர் போடும் நிறுவனம் எத்தனை பேர் ரீலோட் போடுவார்கள் என்று கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கில் ஏ9 வீதியோரம் வென்றுவிடும், உள்ளே நெடுங்கேணிப் பக்கமும் கொக்கிளாய்ப் பக்கமும் தோற்றுவிடும். இடையில் காடு வேறு. பாலையும் வீரையும் நிற்கும் காட்டைத் தாண்டி வரும் சிக்னல் வீட்டு முற்றத்தில் இருக்கும், அறைக்குள் இருக்காது. 2020, 2021இல் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் நாடு முழுக்கப் பரவின. எங்கள் பிள்ளைகளும் அந்த நிலையில்தான் இருந்தார்கள். ஓ.எல், ஏ.எல் பிள்ளைக்கு நல்ல கணித ஆசிரியர் ஊரில் இல்லையென்றால், சூம் வகுப்பு ஒன்றுதான் வழி. அது இடையில் அறுந்தால் அந்தப் பாடம் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய காரணம் அனர்த்தம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல இடங்களில் தொலைத்தொடர்பு விழுந்ததைப் பார்த்தோம். ரவர் விழுந்தால்தான் சிக்னல் போகும் என்றில்லை. மின்சாரம் நின்றால் ரவரின் பற்றரி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும், டீசல் கொண்டுபோகும் பாதையில் வெள்ளம். பாலத்தோடு சேர்த்துக் கட்டிய ஃபைபர் வயர், பாலம் உடைந்தால் கூடவே அறும். ஒரு அன்ரெனாவும் சூரியத் தகடும் பற்றரியும் உள்ள பாடசாலைக்கு இந்தச் சங்கிலி எதுவும் தேவையில்லை. எந்த ஊரில் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும், எந்தக் குளம் வான் பாய்கிறது என்று அங்கிருந்து பிரதேச செயலகத்துக்குச் சொல்லிவிடலாம்.

1990இல் மின்சாரம் நின்ற பிறகு வன்னி எத்தனையோ வருடங்கள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் வாழ்ந்தது. உறவு உயிரோடு இருக்கிறதா என்பதை அறியக் கடிதத்துக்குக் காத்திருந்த தலைமுறை இது. இந்த மக்களிடம் போய் "வானத்தைக் காப்பாற்ற நீங்கள் இணையத்தை விடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மாரி மழையில் வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். மிகக் கனத்த மழை முகிலுக்குள் சிக்னல் பலவீனமாகும், சில நிமிடங்கள் அறுந்து திரும்ப வரும். மழையைவிடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று மரம். அன்ரெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும், முற்றத்துப் புளியோ மாவோ மறைத்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டுப் போகும். அதற்காக மரத்தைத் தறிக்காதீர்கள், தூணை உயர்த்துங்கள். மற்றது இடி. பருவமழைக்கு முந்திய மாதங்களில் வன்னியில் இடிமின்னல் கடுமை. மின்னல் கூடும்போது ரூட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், தூணுக்கு எர்த் போடுங்கள்.

கரன்ட் நிறைய இழுக்குமா?

வீட்டு அன்ரெனா 75 முதல் 100 வாட் வரை. சிறிய மினி வகை 25 முதல் 40 வாட். மினியை ஒரு சூரியத் தகட்டிலும் பற்றரியிலும் ஓட்டலாம்.

எவ்வளவு செலவு?

இங்கே தொடங்கியபோது வீட்டுத் திட்டம் மாதம் 15,000 ரூபாய், குறைந்த திட்டம் 12,000 ரூபாய், கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இது நினைத்தும் பார்க்க முடியாத காசு. வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்கு மட்டும் கட்டுப்படியாகும். அப்படியே விட்டால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு மேல் இன்னொன்று சேரும். அந்த 15,000 ரூபாயை முப்பது குடும்பம் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் 500 ரூபாய்.

அப்படியென்றால் ஒரு இணைப்பை ஊரே பாவிக்கலாமா?

பாவிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் முறையாக. வீட்டுத் திட்டத்தை எடுத்து அயலுக்குக் காசுக்கு விற்க நிறுவனத்தின் விதிகள் இடந்தரா. காசுக்கு இணையம் வழங்குவது அனுமதிப்பத்திரம் கேட்கும் தொழில். எனவே தனி வீட்டின் பெயரில் எடுத்து ஒளித்து மறைத்துப் பகிராமல், சனசமூக நிலையம், பாடசாலை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம் போன்ற ஒரு அமைப்பின் பெயரில் அதற்கான திட்டத்தை எடுங்கள். கட்டிடத்துக்குள் வந்து படிக்க, படிவம் நிரப்ப, மருத்துவரோடு கதைக்க அது போதும்.

வெளிநாட்டு உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அண்ணன் வீட்டுக்கு ஒன்று அனுப்புவதைவிட, அவர் பிள்ளை படிக்கும் பாடசாலைக்கு ஒன்று கொடுங்கள். முதல் வருடக் காசை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். இரண்டாம் வருடம் யார் கட்டுவது என்று தெரியாமல் மூலையில் கிடக்கும் அன்ரெனா யாருக்கும் பயனில்லை.

"உலகம் முழுவதும் பகிரும் செலவு" என்கிறார்களே, அது என்ன?

நாங்கள் கட்டும் மாதக் காசில் சேராத செலவு. ஏவும் நாடு, ஏவும் நிறுவனம், பாவிப்பவர், பாவிக்காதவர் என்று எல்லோரும் சேர்ந்து சுமப்பது. வானொலி அலைகள், இருளான வானம், மேல் வளிமண்டலம், பூமியைச் சுற்றிய பாதைகள் ஆகிய இவை எந்த நாட்டின் சொத்தும் இல்லை. 1967 விண்வெளி ஒப்பந்தமும் விண்வெளியை எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்றுதான் சொல்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இது புதிய சிக்கல் இல்லை. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவென்றால், விதைப்புக்கு முன்பே கூட்டம் கூடும். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசி முடித்த பிறகுதான் வாய்க்கால் திறக்கும். வாய்க்காலின் தலைப்பில் காணி இருக்கிறது என்பதற்காக ஒருவர் முழுவதையும் பாய்ச்ச முடியாது. பூமியைச் சுற்றிய பாதைகளுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. அலைவரிசைக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இருக்கிறது, ஆனால் அங்கே முதலில் பதிபவருக்கே முன்னுரிமை. மொத்தம் எத்தனை செய்மதிகளைப் பாதை தாங்கும், யாருக்கு எவ்வளவு என்று யாரும் முடிவு செய்வதில்லை. ஸ்டார்லிங்க் 42,000 வரை திட்டம் வைத்திருக்கிறது. அமேசான் மூவாயிரத்துக்கு மேல். சீனாவின் ஒரு திட்டம் மட்டும் ஏறக்குறைய 13,000.

ஆபத்து மோதலில் இருக்கிறது. 2009 பெப்ரவரியில் இரிடியம் நிறுவனத்தின் ஒரு செய்மதியும் செயலிழந்த ரஷ்யச் செய்மதி ஒன்றும் கிட்டத்தட்ட 790 கிலோமீற்றர் உயரத்தில் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாகின. ஒவ்வொரு துண்டும் இன்னொன்றை உடைக்கலாம். உடைவு உடைவைப் பெருக்கும் இந்த அபாயத்தை 1978இலேயே டொனால்ட் கெஸ்லர் கணக்கிட்டுக் காட்டினார். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் கணிப்பில் ஒரு சென்ரிமீற்றரைவிடப் பெரிய துண்டுகள் இப்போது பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல். ஸ்டார்லிங்க் செய்மதிகள் தாங்களாகவே விலகிப் போகின்றன. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரையான ஆறு மாதத்தில் அப்படி ஒன்றரை இலட்சத்துக்குக் கிட்டத் தடவை விலகியிருக்கின்றன. விலகத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் இவ்வளவு தடவை விலக வேண்டியிருப்பதே பாதை எவ்வளவு நெரிசல் என்பதைக் காட்டுகிறது.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. காடழிப்பையும் வெள்ளம் பரவிய பரப்பையும் படம் பிடிக்கும் செய்மதிகளும் இதே தாழ்ந்த உயரங்களில்தான் சுற்றுகின்றன. அந்தப் பாதைகள் பாழானால் முதலில் பாதிக்கப்படுவது மாற்று வழி இல்லாத நாடுகள்.

செய்மதி பழுதானால் என்ன ஆகும்?

ஒரு ஸ்டார்லிங்க் செய்மதியின் ஆயுள் ஐந்து வருட அளவு. பிறகு அதைக் கீழே இறக்கி வளிமண்டலத்தில் எரிய விடுகிறார்கள். பாதையில் குப்பையாகக் கிடப்பதைவிட இது நல்லது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எரிவது மறைவது ஆகாது. செய்மதியின் உடலில் நிறைய அலுமினியம். எரியும்போது அது அலுமினியம் ஒட்சைட்டு நுண்துகளாகி மேலேயே தங்கி, வருடக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. 2023இல் வெளியான ஒரு ஆய்வில், ஆய்வு விமானம் மேல் வளிமண்டலத்தில் சேகரித்த கந்தக அமிலத் துகள்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் விண்கலங்களின் உலோகங்கள் இருந்தன. 250 கிலோ செய்மதி ஒன்று எரிந்தால் சுமார் 30 கிலோ அலுமினியம் ஒட்சைட்டு உருவாகலாம் என்பது 2024இன் ஒரு கணிப்பு. இந்தத் துகள்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் இரசாயன வினைகளுக்கு இடம் கொடுக்கக்கூடும் என்பதே விஞ்ஞானிகளின் கவலை. 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் ஒன்றாக நின்று ஆற வைத்துக்கொண்டிருக்கும் படலம் அது.

ஏவும் ரொக்கெட்டும் இருக்கிறது. ஸ்டார்லிங்க் செய்மதிகளை ஏவும் ஃபால்கன் 9 எரிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருள். அதன் கரிப்புகை மேல் அடுக்கில் கலந்தால், மழை வந்து கழுவ அங்கே மழை இல்லை.

விண்கற்களும் தினம் எரிகின்றனவே? அவை கெடுக்கவில்லையே?

நியாயமான கேள்வி. தினமும் தொன் கணக்கில் விண்தூசி விழுகிறதுதான். ஆனால் அதில் அலுமினியம் மிகக் குறைவு, செய்மதியில் அதுவே பெரும்பங்கு. அதனால் மொத்த எடையை மட்டும் ஒப்பிடுவது பிழை.

துண்டுகள் எங்கள் தலையில் விழுமா?

ஒரு ஆளின் தலையில் விழும் வாய்ப்பு மிக மிகச் சிறிது. ஸ்டார்லிங்க் செய்மதிகள் முழுதாக எரியும்படி வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலும் மிஞ்சி விழுபவை ரொக்கெட் பாகங்கள். 2024 டிசம்பர் இறுதியில் கென்யாவின் முகுகு என்ற கிராமத்தில் ஏறக்குறைய 500 கிலோ உலோக வளையம் ஒன்று விழுந்தது. 2025 பெப்ரவரியில் ஃபால்கன் 9இன் பாகங்கள் போலந்தில் விழுந்தன. 2015 நவம்பர் 13இல் விண்குப்பை ஒன்று இலங்கையின் தெற்குக் கரையிலிருந்து 100 கிலோமீற்றர் அளவு தூரத்தில் கடலுக்கு மேல் வந்து எரிந்தது. ஏவுவதில் பங்கே இல்லாத நாடுகளின் மீதும் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இரவில் வரிசையாக வெளிச்சம் போகிறதே, அது என்ன? அம்மம்மா பயப்படுகிறா.

புதிதாக ஏவிய செய்மதிகள் முதல் சில நாட்கள் ஒன்றன் பின் ஒன்றாக, மாலையில் கோத்த மணிகள் போலப் போகும். பிறகு உயரம் கூடிப் பிரிந்து மங்கிவிடும். பொழுதுபட்டு ஓரிரு மணி நேரமும் விடிவதற்கு முன்பும்தான் தெரியும், நடுச்சாமத்தில் பூமியின் நிழலுக்குள் போய்விடும்.

அம்மம்மா எதை நினைத்துப் பயப்படுகிறா என்பது வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று கற்றுக்கொண்ட கண்கள் அவை. இது ஒலி எழுப்பாது, கீழே இறங்காது, உங்கள் வீட்டைப் பார்க்க வந்ததும் இல்லை என்று பக்கத்தில் இருந்து காட்டிச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

வானியல் ஆய்வுக்கூடம் எங்களிடம் இல்லை. எங்களுக்கு என்ன நட்டம்?

சிலியில் இருக்கும் வேரா ரூபின் ஆய்வுக்கூடம் போன்றவை எடுக்கும் படங்களில் செய்மதிகள் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகின்றன. சூரியனுக்கு அருகில் இருந்து வரும் சிறுகோள்களை அந்திப் பொழுதில்தான் தேட முடியும். செய்மதிகள் அதிகம் மின்னுவதும் அதே பொழுதில்தான். சிறுகோள் எந்த நாட்டில் விழும் என்று பார்த்து விழாது. வானொலி தொலைநோக்கிகளுக்கும் இடைஞ்சல் உண்டு. நெதர்லாந்தில் மையம் கொண்ட லோஃபார் என்ற வானொலி தொலைநோக்கி, ஸ்டார்லிங்க் செய்மதிகளிலிருந்து தற்செயலாகக் கசியும் அலைகளை 2023இல் பதிவு செய்தது. புதிய வகைச் செய்மதிகளின் கசிவு பழையதைவிட 32 மடங்கு வரை கூடுதல் என்று 2024இல் கண்டது. நிறுவனம் செய்மதிகளின் ஒளியைக் குறைக்க முயல்கிறது, கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

நகர வெளிச்சம் கெடுக்காத வானம் வன்னிக்கு இன்னும் இருக்கிறது. ஒட்டுசுட்டானில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் பால்வீதி தெரியும். கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத இந்தச் செல்வத்தை இயற்கை விஞ்ஞான ஆசிரியர்கள் பாடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பணக்கார நாடுகள் ஏவிய செய்மதிகள். நாங்கள் ஏன் குற்ற உணர்ச்சியோடு பாவிக்க வேண்டும்?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பகுதி பூமத்திய கோட்டுக்கு 53 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போது அவை அதிகம் நெருங்குவது ஐரோப்பா, கனடா போன்ற இடங்களின் மேல். பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகையில் இருக்கும் எங்கள் மேல் நெருக்கம் குறைவு. எங்கள் மேல் வரும் செய்மதியும் கடலையும் காட்டையும் கடந்துதான் வருகிறது, அதன் கொள்ளளவில் பெரும்பகுதி அந்த நேரம் சும்மா இருக்கும். துணுக்காயில் ஒரு பாடசாலை அதை எடுத்துப் பாவிப்பதால் புதிதாக ஒரு செய்மதி ஏவ வேண்டிய தேவை வராது. சனம் நெருங்கிய இடத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேரும்போதுதான் இடம் போதாமல் மேலும் மேலும் ஏவுகிறார்கள். வாசலில் ஃபைபர் இருக்கும் ரொறன்ரோ வீடும் கொழும்பு வீடும் ஆசைக்கு ஒன்று பூட்டும்போது பொதுச் சுமை ஏறுகிறது.

அதனால் தேவை இருக்கும் வன்னி ஊர் தயங்காமல் எடுக்கட்டும். கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் தேவையில்லாமல் எடுப்பவர்களும், அளவில்லாமல் ஏவுபவர்களும். விண்வெளியைப் பற்றிய ஐக்கிய நாடுகள் பேச்சுவார்த்தைகளில் இலங்கை போன்ற நாடுகள் "எத்தனை போதும்?" என்று கேட்க வேண்டும். பாவிக்கும் நாடு என்பதாலேயே அதைக் கேட்கும் உரிமை கூடுகிறது.

இது வந்துவிட்டதே, இனி ஃபைபரும் ரவரும் எதற்கு?

இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் மறுத்துப் பேசுங்கள். ஃபைபரை ஒருமுறை புதைத்தால் பத்துக்கணக்கான வருடங்கள் இருக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எரித்துவிட்டுப் புதிதாக ஏவத் தேவையில்லை. மாதச் செலவும் குறைவு. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற சந்திகளுக்கு ஃபைபரும், அங்கிருந்து உள்ளூர்களுக்கு ரவரும்தான் சரியான வழி. பிரதேச சபையிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்ரெனா பூட்டிய ஊர் என்று சொல்லி எங்களைப் பட்டியலிலிருந்து வெட்ட விடக்கூடாது.

ஒரே நிறுவனத்தை நம்பலாமா?

முழுதாக நம்ப வேண்டாம். 2025 ஜூலை 24இல் உள் மென்பொருள் கோளாறினால் ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் அளவில் நின்றது. ஒரே ஒரு தனியார் நிறுவனத்தின் முடிவில் ஒரு நாட்டின் தொடர்பு தங்கியிருப்பது எவ்வளவு சிக்கல் என்பதை உக்ரைன் போரில் உலகம் பார்த்தது. அனர்த்த வேலைக்கு இது ஒரு வழி. பழைய வானொலித் தொடர்பையும் கைவிடாதீர்கள்.

அரசாங்கம் இதை முடக்க முடியாது என்கிறார்களே?

பிழை. 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கொடுத்த அனுமதிப்பத்திரத்தின் கீழ்தான் சேவை நடக்கிறது. 2018, 2019, 2022 ஆகிய வருடங்களில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டதைப் போன்ற உத்தரவு வந்தால், அது இந்த நிறுவனத்துக்கும் வரும்.

அன்ரெனாவை வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவரலாமா?

வேண்டாம். தொலைத்தொடர்புக் கருவிகளை இறக்க ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், சுங்கத்தில் மறித்தால் மீட்பது பெரிய அலைச்சல். அங்கே பதிந்த கணக்கு இங்கே நீண்ட காலம் வேலை செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. இலங்கை முகவரியில் கணக்குத் திறந்து இங்கேயே வாங்கலாம், காசை அவர்கள் அங்கிருந்து கட்டலாம். பாடசாலைக்கு என்றால் அதிபரின் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கு முதலிலேயே தெரியப்படுத்துங்கள்.